உலகக் கோப்பைக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது அணியை விட்டுப் போனவர்: ரஷீத் மெக்லூஃபி

மார்ச் 2 – ஒரு வாசகரின் கேள்வி

அல்ஜீரியாவின் கால்பந்து ஆட்டக்காரர் ரஷீத் மெக்லூஃபி 1958 உலகக் கோப்பைக்குப் பிரான்ஸ் அணியில் போக வேண்டியவர், விடுதலை இயக்கம் கூப்பிட்டதும் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று படித்தேன். ஒன்று புரியவில்லை. உலகக் கோப்பையில் ஆடிப் பெயர் வாங்கிய பிறகு அல்ஜீரியாவுக்காகப் பேசியிருந்தால் இன்னும் நிறையப் பேர் காது கொடுத்திருப்பார்களே? அவசரப்பட்டுவிட்டாரோ?

மார்ச் 2, இரவு

அவசரமே இல்லை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததே உலகக் கோப்பையை மனதில் வைத்துத்தான்.

அல்ஜீரியா அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அதை எதிர்த்து 1954 நவம்பர் 1 அன்று எஃப்.எல்.என். (தேசிய விடுதலை முன்னணி) ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. மூன்றரை வருடம் ஆகியும் பிரான்சின் சராசரி ஆளுக்கு அது கடலுக்கு அந்தப் பக்கம் நடக்கும் சமாச்சாரம். அவர் தினமும் விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர். அந்தப் பக்கத்தில் ஒருநாள் காலையில், உலகக் கோப்பைக்காக ஸ்வீடனுக்குப் போக இருந்த முஸ்தஃபா ஜிதூனி காணவில்லை, மெக்லூஃபி காணவில்லை, மொனாக்கோ கிளப்பின் கோல் கீப்பர் பூபெக்கர் காணவில்லை, 1954 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு ஆடிய பென் திஃபூர் காணவில்லை என்று வந்தால்? உலகக் கோப்பை முடிந்தபின் ஒரு ஆட்டக்காரர் பேட்டி கொடுத்திருந்தால் ஒருநாள் செய்தி. முன்னாடியே போனதால், பிரான்ஸ் முகாமில் அந்த இடங்கள் யாருக்கு என்ற பேச்சு வரும்போதெல்லாம் அல்ஜீரியாவும் கூடவே வந்தது.

முன்னாள் ஆட்டக்காரர் முகம்மது பூமெஸ்ராக் திட்டம் போட்டு ஆட்களைத் திரட்டினார். 1958 ஏப்ரல் நடுவில் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து இத்தாலி எல்லை, சுவிட்சர்லாந்து எல்லை வழியாக வெளியேறினார்கள். போய்ச் சேர வேண்டிய இடம் துனிசியாவின் தலைநகர் துனிஸ். அங்கே எஃப்.எல்.என். சார்பில் ஒரு அல்ஜீரிய அணியை அமைப்பதுதான் திட்டம்.

மார்ச் 3

மெக்லூஃபி கிளம்பிய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அவருக்கு அப்போது 21 வயது. செத்திஃப் நகரத்துப் பையன். 1954இல் செயிந்த்-எத்தியேன் கிளப்புக்கு வந்து, 1957இல் அந்தக் கிளப் முதன்முதலாகப் பிரெஞ்சு லீக்கை வென்றபோது அதன் முக்கிய ஃபார்வர்ட். பிரான்சுக்காகவும் சில ஆட்டங்கள் ஆடியாகிவிட்டது. இதையெல்லாம்விட ஒன்று முக்கியம்: அவர் அப்போது பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாய சேவையில் இருந்தார். ராணுவ அணிகளுக்கான உலகப் போட்டியை 1957இல் வென்ற பிரெஞ்சு அணியிலும் அவர் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோர் கிளப் ஒப்பந்தத்தை மீறிப் போனார்கள். இவர் போர்க்காலத்தில் ராணுவத்தை விட்டு ஓடிய சிப்பாய். பிடிபட்டால் வழக்கே வேறு.

கிளம்புவதற்கு முன் பெசியே அணிக்கு எதிராக ஒரு லீக் ஆட்டம். அதில் மோதித் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆட்டக்காரர்களான அரிபியும் கெர்மாலியும் ஆஸ்பத்திரிக்கே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பினார்கள். உடம்பில் இருந்தது ஆஸ்பத்திரிப் பைஜாமா. ஆட்டக்காரர்கள் மாயமான செய்தி எல்லைக் காவலர்களுக்கு எட்டுவதற்குள் சுவிட்சர்லாந்துக்குள் போய்விட்டார்கள்.

எனக்கு ஒருமுறை செவன்ஸ் ஆட்டத்தில் ஹெடருக்கு எழும்பி எதிரணி ஆளின் தலையோடு மோதி விழுந்த அனுபவம் உண்டு. ஆட்டம் எப்படி முடிந்தது என்று இன்னும் நினைவில்லை. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி வந்தது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டதற்குக்கூடப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்தக் கார்ப் பயணத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். அந்தத் தலையோடு எல்லைக் காவலரிடம் சிரித்துப் பேசுவது லேசுப்பட்ட காரியமில்லை.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

எல்லோரும் தப்பிவிட்டதாக எழுதுகிறார்கள், அது சரியில்லை. ஹஸன் ஷாப்ரி மாந்தோன் என்ற இத்தாலி எல்லை ஊரில் பிடிபட்டார். ரீம்ஸ் கிளப்பின் முகம்மது மாவூஷும் மாட்டிக்கொண்டு சிறைக்குப் போனார். பிறகு 1960இல்தான் அணியோடு வந்து சேர முடிந்தது. பைஜாமாக் கதையின் சுவாரஸ்யத்தில் இவர்களை விட்டுவிடுகிறோம்.

மார்ச் 5

"கிளப் நல்ல சம்பளம் கொடுத்தது, ரசிகர்கள் கொண்டாடினார்கள், அப்புறம் என்ன குறை?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். செத்திஃப் என்ற ஊர்ப்பெயரில் பாதிப் பதில் இருக்கிறது.

1945 மே 8. ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். ஜெர்மனி சரணடைந்ததை எல்லா ஊரிலும் கொண்டாடுகிறார்கள், செத்திஃபிலும் ஊர்வலம். கூட்டத்தில் ஒரு இளைஞர் அல்ஜீரியக் கொடியைத் தூக்கிப் பிடிக்கிறார். போலீஸ் சுடுகிறது. கலவரம் வெடித்து ஐரோப்பியர் சுமார் நூறு பேர் கொல்லப்படுகிறார்கள். பதிலுக்குப் பிரெஞ்சுப் படையும் ஆயுதம் ஏந்திய ஐரோப்பியக் குடியேறிகளும் வாரக்கணக்கில் நடத்தியது படுகொலை. விமானம் குண்டு போட்டது, கடலோரத்துக் கிராமங்களைக் கப்பலிலிருந்து சுட்டார்கள். பிரெஞ்சு அதிகாரிகளின் கணக்கில் இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். அல்ஜீரியா சொல்வது 45,000. வரலாற்று ஆய்வாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே பல ஆயிரங்கள் என்கிறார்கள்.

மெக்லூஃபிக்கு அப்போது எட்டு வயது. ஒன்பதே வருடத்தில் அதே பையன் செயிந்த்-எத்தியேனில் பச்சைச் சட்டை போட்டு கோல் அடிக்கிறான், பிரெஞ்சுக்காரர்கள் தோளில் தூக்குகிறார்கள். அவர்கள் காட்டிய பிரியம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் அவன் பார்த்ததும் பொய்யில்லையே. இரண்டையும் உள்ளே வைத்துக்கொண்டு நாலு வருடம் ஆடியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து கூட்டிப்போன அரிபி, கெர்மாலி இருவருமே செத்திஃப்காரர்கள்தான். அந்த அணிக்குள் ஒரு ஊர்க்கூட்டமே இருந்தது.

மார்ச் 6

இதுதான் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தும் விஷயம். அல்ஜீரியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது 1958 செப்டம்பர் 19. இந்த அணி துனிஸில் ஆடத் தொடங்கியது அதற்குச் சில மாதங்கள் முன்பே. நாடு இல்லை, அரசு இல்லை. தேசிய அணி இருக்கிறது! கொடியும் தேசிய கீதமும் அதனிடம் இருந்தன. ஊர் ஊராகப் போகும்போது, ஆட்டத்துக்கு முன் கொடியை ஏற்ற வேண்டும், 'கஸமன்' கீதத்தை இசைக்க வேண்டும் என்று கேட்பார்கள். சில இடங்களில் ஆட அழைத்தவர்களுக்கே தயக்கம். இவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பு புகார் செய்ததும் ஃபிஃபா இந்த அணியை ஏற்க மறுத்தது. இவர்களோடு ஆடுகிற நாடுகளுக்கும் தண்டனை உண்டு என்று மிரட்டியது. அப்படியும் துனிசியா, மொராக்கோ, லிபியா, ஈராக், ஜோர்டான், பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, சோவியத் நாடு, சீனா, வட வியட்நாம் என்று சுற்றினார்கள். 1962 வரை ஆடிய ஆட்டங்கள் எண்பதிலிருந்து தொண்ணூறுக்குள் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பல இடங்களில் தேசிய அணி என்ற பெயரைப் போடாமல் நகர அணி, தொழிற்சங்க அணி என்று இறக்கியதால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற குழப்பம். பெரும்பாலானவற்றில் வென்றார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1961இல் பெல்கிரேடில் யுகோஸ்லாவியாவை 6-1 என்று அடித்தார்கள். முந்தைய வருடம்தான் யுகோஸ்லாவியா ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்தது!

ஹனோயில் ஹோ சி மின்னையும் தளபதி ஜியாப்பையும் சந்தித்தார்கள். "நாங்கள் பிரான்சைத் தோற்கடித்தோம், நீங்கள் எங்களைத் தோற்கடித்துவிட்டீர்கள், ஆகவே நீங்களும் பிரான்சைத் தோற்கடிப்பீர்கள்" என்ற பொருளில் ஜியாப் சொன்னதாக ஆட்டக்காரர்கள் பின்னாளில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள். வியட்நாம் பிரெஞ்சுப் படையை முறியடித்த தியென் பியென் ஃபூ போர் முடிந்து ஐந்தே வருடம் ஆகியிருந்தது. அந்த வாயிலிருந்து அதைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

மார்ச் 6, கூடுதலாக

தற்காலிக அரசின் முதல் தலைவர் ஃபர்ஹத் அப்பாஸ் மருந்துக் கடை வைத்திருந்த ஊரும் செத்திஃப்தான். போன குறிப்பிலேயே சேர்த்திருக்கலாம்.

மார்ச் 9

சரி, இழப்பைப் பற்றிப் பேசுவோம். மெக்லூஃபியின் தியாகத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க ஜிதூனியைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று படுகிறது.

மெக்லூஃபிக்கு 21. காத்திருந்தால் கால்பந்து வாழ்க்கை மறுபடி கிடைக்கும், கிடைக்கவும் செய்தது. ஜிதூனிக்கு 29. பிரான்சின் நடுத் தடுப்பாட்டக்காரர். ஏப்ரல் 16 அன்று பாரிஸில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் இறங்க வேண்டியவர். ரியல் மாட்ரிட் அவர்மேல் கண் வைத்திருந்ததாகவும் சொல்வார்கள். தடுப்பாட்டக்காரருக்கு அதுதான் உச்சமான வயது, உலகக் கோப்பை அவருக்கு இன்னொரு தடவை வராது. அந்த 1958இல் பிரான்ஸ் மூன்றாம் இடம் பிடித்தது, ஜூஸ்த் ஃபோந்தேன் ஒரே போட்டித்தொடரில் 13 கோல் அடித்தார். அந்த மேடையை விட்டுவிட்டு ஜிதூனி துனிஸில் நாலு வருடம் ஆடினார். விடுதலைக்குப் பிறகும் அவர் பிரெஞ்சு லீக்குக்குத் திரும்பவில்லை. அல்ஜியர்ஸில் கூபா கிளப்புக்கு ஆடினார்.

ஸ்வீடனிலிருந்து பிரான்ஸ் அணியின் கோப்பா, பியாந்தோனி, ஃபோந்தேன் மூவரும் கையெழுத்திட்டு அவருக்கு ஒரு அஞ்சலட்டை அனுப்பினார்கள். அரசாங்கம் துரோகி என்கிறது. கூட ஆடியவர்கள் நலம் விசாரிக்கிறார்கள். டிரெஸ்ஸிங் ரூமில் ஒன்றாக இருந்தவர்களுக்குள் இருக்கும் இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மெக்லூஃபியின் இழப்பும் சின்னதில்லை. 21 முதல் 25 வயது வரை, ஒரு ஃபார்வர்ட் வளருகிற வருடங்களில், அவர் ஆடிய ஆட்டங்களில் லீக் இல்லை, புள்ளிப்பட்டியல் இல்லை, தகுதிச்சுற்று இல்லை. எதிரணி ஒருநாள் பெரிய அணி, மறுநாள் அவசரமாகச் சேர்த்த உள்ளூர் அணி. ஐரோப்பியக் கோப்பைப் பதிவேடுகளைத் திறந்தால் அந்த நாலு வருடமும் அவர் பெயருக்கு எதிரே காலி. துனிஸ் அணிக்காக அவர் அடித்த கோல்களை இன்றுவரை ஃபிஃபா கணக்கில் சேர்ப்பதில்லை.

மார்ச் 10

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். செயிந்த்-எத்தியேன் என்றதும் ஒருவர் சலிஃப் கெய்த்தாவைக் கேட்டிருந்தார். மாலியிலிருந்து 1967இல் வந்த பையன். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் அழைத்துப்போக யாரும் இல்லை. ஒரு டாக்ஸியைப் பிடித்து நேரே செயிந்த்-எத்தியேனுக்கு விடச் சொன்னார். ஐந்நூறு கிலோமீட்டர்! காசை கிளப் கொடுத்தது. அந்த டாக்ஸிக்காரரைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். மெக்லூஃபியின் கடைசி செயிந்த்-எத்தியேன் பருவத்தில் இருவரும் ஒரே முன்வரிசையில் ஆடினார்கள்.

மார்ச் 14

"திரும்பப் பிரான்சுக்கே போனது கொள்கைக்கு முரண் இல்லையா?" இந்தக் கேள்வியை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வரும். அவர் போராடியது நாடு வேண்டும் என்று. நாடு 1962 ஜூலை 5 அன்று கிடைத்துவிட்டது. அதன்பின் அவர் வெளிநாட்டில் வேலை செய்யும் சுதந்திர அல்ஜீரியக் குடிமகன். இதில் என்ன முரண்?

நேராகவும் போகவில்லை. முதலில் ஜெனீவாவின் செர்வெட் கிளப்பில் கொஞ்ச காலம். அங்கே கோச் ழான் ஸ்னெல்லா, செயிந்த்-எத்தியேனில் இவரை வளர்த்தவர். பிறகு 1962 கடைசியில் பழைய கிளப்புக்கு. அந்தப் பருவத்தில் கிளப் இரண்டாம் பிரிவில் கிடந்தது.

அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். அல்ஜீரியாவிலிருந்து லட்சக்கணக்கான ஐரோப்பியக் குடியேறிகள் அந்த வருடம்தான் எல்லாவற்றையும் இழந்து பிரான்சில் வந்து இறங்கியிருந்தார்கள். அங்கே சண்டையிடப் போய்ப் பிணமாகத் திரும்பிய பையன்கள் ஊருக்கு ஊர். செயிந்த்-எத்தியேன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஊர், அந்த வீடுகளிலிருந்தும் சிப்பாய்கள் போயிருந்தார்கள். ராணுவத்தை விட்டு ஓடியவன் அந்த மைதானத்துக்குள் வருகிறான். முதலில் கூட்டம் ஒரு சத்தமும் போடவில்லை. பந்து அவர் காலுக்கு வந்து, அவர் ஆட ஆரம்பித்ததும் கைதட்டல் எழுந்தது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். மன்னித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மன்னிக்க அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்த ஊர் தன் கோபத்தைத் தானே தாண்டி வந்தது, அதற்காக அந்த ஊரை வணங்குகிறேன்.

1963இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்தார்கள். 1964, 1967, 1968 மூன்றிலும் முதல் பிரிவுப் பட்டம். 1968 மே 12 அன்று பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டத்தில் போர்தோவை 2-1 என வென்றபோது இரண்டு கோலும் மெக்லூஃபி அடித்தது. கோப்பையைக் கொடுத்தவர் அதிபர் தெ கோல். "பிரான்ஸ் என்றால் நீங்கள்தான்" என்று அவர் சொன்னதாகக் கதை. சொன்னாரோ இல்லையோ, தேதிகளைப் பாருங்கள். 1958 மே 13 அன்று அல்ஜியர்ஸில் குடியேறிகளும் ராணுவமும் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததால்தான் தெ கோல் மறுபடி ஆட்சிக்கு வந்தார். மெக்லூஃபி ஓடிப்போனது அதற்கு ஒரு மாதம் முன்பு. ஒரே பிரச்சினை இவரைப் பைஜாமாவோடு வெளியே அனுப்பியது, அவரை அதிபர் மாளிகைக்குக் கொண்டுவந்தது. சரியாகப் பத்து வருடம் கழித்து இருவரும் கை குலுக்குகிறார்கள். மறுநாளே பாரிஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் லட்சக்கணக்கில் தெருவில். தெ கோலுக்கு அது கஷ்டமான வாரம்.

மார்ச் 15

"இயக்கம் கூப்பிட்டால் மறுக்க முடிந்திருக்குமா? உயிர்ப்பயத்தில் போயிருக்கலாமே?" இது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது.

பிரான்சிலிருந்த அல்ஜீரியத் தொழிலாளர்களிடம் இயக்கம் பணம் வசூலித்தது உண்மை. மறுத்தவர்கள் அடிபட்டதும், போட்டி இயக்கத்தோடு ரத்தம் சிந்திச் சண்டை நடந்ததும் உண்மை. அந்தச் சூழலில் 21 வயதுப் பையனிடம் ஊர் மூத்தவர்கள் வந்து கிளம்பு என்றால், அதில் அழுத்தம் துளியும் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் பயத்தால் போனவருக்கு நாலு வருடத்தில் திரும்பிவர எத்தனையோ வாய்ப்பு இருந்தது. போன ஊர்களில் சிலவற்றிலாவது ஒரு பிரெஞ்சுத் தூதரகம் இருந்திருக்கும். பெரிய பெயர்கள் யாரும் அந்த வாசலுக்குப் போகவில்லை. 1958க்குப் பிறகும் புது ஆட்டக்காரர்கள் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். சிறைக்குப் போய்வந்த மாவூஷும் பிறகு வந்து சேர்ந்தது இந்த அணியில்தான். என் முடிவு அதை வைத்துத்தான்.

மார்ச் 22

கடைசியாகக் கேட்டது: இந்த அணியால் அல்ஜீரியக் கால்பந்துக்கு என்ன மிஞ்சியது?

கோச்சுகள் மிஞ்சினார்கள். 1975இல் அல்ஜியர்ஸில் நடந்த மத்தியதரைக்கடல் விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அல்ஜீரியா பிரான்சை 3-2 என்று வென்றது. கோச் மெக்லூஃபி. 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் ஹிஹோனில் மேற்கு ஜெர்மனியை 2-1 எனச் சாய்த்த அணியின் பயிற்சிக் குழுவிலும் இருந்தார். அல்ஜீரியா தன் ஆட்டங்களை முடித்துவிட்ட பிறகு, மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகப் போதுமான 1-0 என்ற கணக்கோடு மைதானத்தில் நின்று நேரத்தைக் கழித்து அல்ஜீரியாவை வெளியேற்றிய அக்கிரமம் தெரிந்ததுதான். அதற்குப் பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கும் விதி வந்தது.

1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சின் ஜினதின் ஜிடான் பிரேசிலுக்கு எதிராக இரண்டு ஹெடர் கோல் போட்ட ராத்திரி, தெருவில் கண் விழித்துப் பார்த்த எங்களில் யாருக்கும் அவருடைய அப்பா அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியிலிருந்து வந்தவர் என்று தெரியாது. பிரான்ஸ், பிரான்ஸ் என்று கத்தினோம். 2001 அக்டோபரில் பாரிஸில் பிரான்சும் அல்ஜீரியாவும் மோதிய ஆட்டத்தில், 4-1 என்று இருக்கும்போது ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஆட்டமே நின்றது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் ஏன் என்று தேட ஆரம்பித்து மெக்லூஃபியிடம் வந்தேன். அவர் 2024 நவம்பரில், 88 வயதில் காலமானார்.

ஆஸ்பத்திரியிலிருந்து மெக்லூஃபியைக் கூட்டிப்போன கெர்மாலியை மறக்க வேண்டாம். 1990இல் அல்ஜீரியா முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது, இறுதி ஆட்டத்தில் நைஜீரியாவை 1-0 என்று. அந்த அணியின் கோச் அவர்தான். அவரைப் பற்றி யாராவது தனி இழை தொடங்கினால் நானும் வருகிறேன்.